மதகைத் திறந்தது யாரு?

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியா எடுத்து வெச்சேன். மேலூர் பக்கத்திலிருந்து ஒரு ஃபைனல் இயர் தம்பி. கம்ப்யூட்டர் சயின்ஸ். 'எழில்' மாதிரி தமிழிலேயே புரோகிராம் எழுதுகிற குட்டி மொழி ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்துகொண்டிருக்கிறாராம். அடியில் பைத்தான், மேலே தமிழ். கூட்டல், கழித்தல், லூப், ஃபங்ஷன் எல்லாம் ஓட ஆரம்பிச்சாச்சு. இப்போ கைடு ஒரு கேள்வி கேட்டிருக்கார்: "யூஸர் செட்டிங்ஸை மாத்தணும்னா என்ன வழி வெச்சிருக்க?"

தம்பி அதுக்கும் ரெடி. 'அமை' என்று ஒரே ஒரு ஃபங்ஷன். முதலில் செட்டிங்கின் பெயர், அடுத்து மதிப்பு. முடிஞ்சது கதை. "ரிகர்ஷன் எத்தனை ஆழம் போகலாம், புள்ளிக்குப் பின்னால எத்தனை இலக்கம் வரணும், விடையைத் தமிழ் எண்ல காட்டணுமா... எல்லாமே இதுல அடங்கிரும்ணே. ஆனா கூட இருக்கவய்ங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க. இது போதுமா, போதாதா?"

ஃபங்ஷன் போதும் தம்பி. டிசைன்தான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

மத்த டிபார்ட்மென்ட் நண்பர்கள் பக்கத்தைத் திருப்புறதுக்குள்ள ஒரு வார்த்தை. நீங்க எழுதின புரோகிராம் தானா ஓடுறதில்லை. அதை ஓட்ட அடியில் ஒரு எஞ்சின் இருக்கு. நினைவகம் ஒதுக்குறது, ஃபங்ஷன் எத்தனை அடுக்கு உள்ளே போகலாம்னு கணக்கு வெச்சிருக்கிறது, எழுத்துகளை எந்த என்கோடிங்கில் படிக்கணும்னு முடிவு பண்றது எல்லாம் அதோட வேலை. அதுக்குப் பேர் ரன்டைம். அந்த எஞ்சினில் அங்கங்கே சில திருகுகள் இருக்கும். கூட்டலாம், குறைக்கலாம், சிலதை மூடலாம். அந்தத் திருகுகளை யூஸர் கையில் எப்படிக் கொடுக்கிறது? தம்பியோட கைடு கேட்ட கேள்வி இதுதான். சாதாரணமா தெரியும். பெரிய பெரிய மொழிகளே இதில் பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் தடுமாறியிருக்கு.

மேலூர்க்காரருக்குப் பதில் சொல்றதால ஊர்க் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பின அந்தத் தண்ணி, வைகை அணையில் (இது 1959-ல் வந்தது) தங்கி, பேரணைக்கு வந்து, பெரியாறு பிரதான கால்வாயில் ஏறும். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதைத் தாண்டினா ஒருபோகம். மேலூர் பகுதிக்கு மட்டும் 85,563 ஏக்கர். தம்பி வீட்டு வயல் இந்த ரெண்டாவது கணக்கில் வரும்னு நினைக்கிறேன்.

இதில் யார் எதைத் திறக்கலாம்னு பாருங்க. அணையைத் திறக்க அரசு உத்தரவு வேணும். கிளைக் கால்வாய் ஷட்டரை நீர்வளத் துறை ஊழியர் ஏத்தி இறக்குவார். கண்மாய் மடையை ஊர் நீர்கட்டி திறப்பார். வயல் வாமடையை மட்டும் நாமளே மண்வெட்டியால வெட்டிக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். அடுத்து, திறந்தா எத்தனை நாளைக்கு? அரசு அறிவிப்பில் அடிக்கடி பார்க்கிற கணக்கு: மொத்தம் 120 நாள், முதல் 45 நாள் தொடர்ச்சியா, மிச்சம் 75 நாள் முறை வெச்சு. அணையில் இப்ப எத்தனை அடி தண்ணி இருக்குங்கிறது தினசரி பேப்பரிலேயே வந்துடும்.

ஆக, யார் திறக்கலாம், எதுவரைக்கும் பாயும், எத்தனை நாளைக்கு, இப்ப நிலவரம் என்ன... நாலுக்கும் பதில் இருக்கு. தம்பியோட 'அமை' ஃபங்ஷனில் நாலுக்கும் பதில் இல்லை. மண்வெட்டி பிடிச்சவர் யாரா இருந்தாலும் அணை ஷட்டரைத் தொடலாம், திருப்பிட்டுப் போயிட்டே இருக்கலாம்!

ஒரு செட்டிங்கை மாத்துறவர் ஒருத்தர், அதில் காயுறவர் வேறொருத்தர். இவர் எப்பவும் கடைமடையில் இருப்பார். அவருக்கு மேலே என்ன நடந்துச்சுன்னே தெரியாது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான் தம்பி: செட்டிங்ஸ் டிசைனை கடைமடையில் நின்னு ஆரம்பி.

எப்படின்னு சில நிஜக் கதைகளோடு பார்ப்போம்.

பி.ஹெச்.பி. பட்ட பாடு

2000-களில் வெப்சைட் ப்ராஜெக்ட் பண்ணினவங்களுக்கு பி.ஹெச்.பி.யோட 'ஐ.என்.ஐ.' ஃபைல் மறந்திருக்காது. அதில் சில செட்டிங்ஸ் சர்வர் அட்மின் மட்டும் மாத்தலாம். சிலதை ஃபோல்டர் அளவில் மாத்தலாம். சிலதை உங்க புரோகிராமுக்கு உள்ளேயே 'ஐ.என்.ஐ. செட்' போட்டு மாத்திக்கலாம். அணை, கிளைக் கால்வாய், வாமடை மாதிரியேதான். இந்த அடுக்கு உண்மையிலேயே நல்ல யோசனை. இன்னிக்கும் அப்படியே இருக்கு.

கோளாறு வேற இடத்தில். எதை எல்லாம் செட்டிங்னு வெச்சாங்க என்பதில்.

'ரிஜிஸ்டர் குளோபல்ஸ்'னு ஒரு ஸ்விட்ச். ஆன் பண்ணிட்டா, அட்ரஸ் பாரில் ஒருத்தர் 'அட்மின் = 1'னு தட்டினாலே போதும், உங்க புரோகிராமுக்குள்ள 'அட்மின்'ங்கிற வேரியபிள் பொறந்து, மதிப்பு 1-னு உட்கார்ந்திருக்கும். புரோகிராம் எழுதினவர் அந்த வேரியபிளுக்கு முதலில் மதிப்பு கொடுக்க மறந்திருந்தா, வர்றவர் போறவரெல்லாம் அட்மின்! 2002-ல் வந்த 4.2 வெர்ஷனில் இதை ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்தாங்க. ஆனா ஸ்விட்ச் அங்கேயேதான் இருந்துச்சு. பழைய புரோகிராம் ஓடலைன்னு ஹோஸ்டிங் கம்பெனிக்காரங்க பலர் திரும்ப ஆன் பண்ணி வெச்சாங்க. அதே சர்வரில் இடம் வாங்கின புதுப் பையனுக்கு மேலே மதகு திறந்திருக்கிறதே தெரியாது. கடைசியில் 2012-ல் 5.4 வந்தப்பதான் ஸ்விட்ச்சையே பிடுங்கிப் போட்டாங்க. பத்து வருஷம்!

அதே 5.4-ல் போன இன்னொரு பார்ட்டி 'மேஜிக் கோட்ஸ்'. ஃபார்மில் யார் என்ன டைப் பண்ணினாலும், அதில் மேற்கோள் குறி இருந்தா முன்னாடி தானா ஒரு சாய்கோடு போட்டுத் தரும். டேட்டாபேஸுக்குப் பாதுகாப்பாம். விளைவு? 'டி'சோசா'னு பேர் உள்ளவர் ஃபார்மை சேவ் பண்ணினா 'டி\'சோசா' ஆயிடுவார். திரும்ப எடிட் பண்ணி சேவ் பண்ணினா இன்னும் ரெண்டு கோடு. ஒரு சர்வரில் இது ஆன், இன்னொன்றில் ஆஃப். ரெண்டிலும் ஓடணும்னா, ஆன் ஆகியிருக்கான்னு முதலில் கேட்டு, ஆகியிருந்தா கோட்டை அழிக்கிற நாலு வரி எழுதணும். எத்தனை ஆயிரம் ப்ராஜெக்டில் அந்த நாலு வரி காப்பி பேஸ்ட் ஆகியிருக்குமோ!

சரி, புரோகிராமுக்கு உள்ளேயே ஆஃப் பண்ணிடலாமேன்னு கேட்பீங்க. முடியாது. உங்க முதல் வரி ஓடுறதுக்கு முன்னாடியே ஃபார்ம் டேட்டா எல்லாத்துக்கும் கோடு போட்டு முடிச்சாச்சு. பயிர் முங்கினதுக்கப்புறம் ஷட்டரை இறக்கி என்ன பண்றது? இந்த 'எப்போதிலிருந்து'ங்கிற கேள்வியை டிசைன் பண்றவங்க பலர் மறந்துடுறாங்க. சில செட்டிங் எஞ்சின் கிளம்புறதுக்கு முன்னாடி மட்டும்தான் செல்லும். அதைப் பாதியில் மாத்தச் சொன்னா, 'முடியாது, ஏன்னா...'னு வாய்விட்டுச் சொல்லணும். பி.ஹெச்.பி. பண்ணினது என்ன? சத்தமில்லாம 'ஃபால்ஸ்'னு ஒரு மதிப்பைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பேசாம இருந்துச்சு. அதை எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்னு நினைக்கிறீங்க?

(பி.ஹெச்.பி.யை ரொம்பத் திட்டிட்டேனோ? ஒரு விஷயத்தில் அதுக்கு ஃபுல் மார்க் உண்டு. 'பி.ஹெச்.பி. இன்ஃபோ'னு ஒரு ஃபங்ஷன். ஒவ்வொரு செட்டிங்குக்கும் ரெண்டு காலம் காட்டும்: சர்வரில் வெச்சது என்ன, இந்த இடத்தில் இப்ப நடப்பது என்ன. எந்த ஃபைலிலிருந்து படிச்சதுங்கிறதும் அதிலேயே இருக்கும். 'ஃபைலை மாத்தினேன், எதுவுமே மாறலை'னு புலம்புறவங்களில் பாதிப் பேர் வேற ஃபைலை மாத்தியிருப்பாங்க. மீதிப் பேர் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணியிருக்க மாட்டாங்க.)

'தமிழ்'க்கு எத்தனை எழுத்து?

இப்ப சொல்லப்போறது நமக்கு ரொம்ப நெருக்கமான கதை. 'தமிழ்'ங்கிற சொல்லில் எத்தனை எழுத்து? மூணு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்லிடும். கம்ப்யூட்டருக்கு அது மூணு இல்லை. யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி... அஞ்சு குறியீடு. யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 15 பைட்.

பி.ஹெச்.பி.யில் நீளம் கேட்கிற ஃபங்ஷன் 'ஸ்டர்லென்'. அது பைட்டைத்தான் எண்ணும். 15-னு சொல்லும். குறியீட்டை எண்ணணும்னா 'எம்.பி. ஸ்டர்லென்'னு தனியா ஒண்ணு இருக்கு. அது 5-னு சொல்லும். இங்கேதான் ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்துச்சு. பழைய புரோகிராம் எல்லாத்திலும் போய் ஃபங்ஷன் பெயரை மாத்திக்கிட்டு இருப்பானேன்? ஒரு செட்டிங் வெச்சுட்டா? 'ஃபங்க் ஓவர்லோடு'னு ஒரு திருகு வெச்சாங்க. மதிப்பை 2-னு வெச்சா, நீங்க 'ஸ்டர்லென்'னு எழுதினாலும் உள்ளே நைஸா 'எம்.பி. ஸ்டர்லென்' ஓடும். ஒரு வரியும் மாத்தாம பழைய புரோகிராம் தமிழ், ஜப்பானியம் எல்லாம் பேசும்!

கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! இப்ப கடைமடைக்குப் போவோம்.

அதே சர்வரில் ஒரு லைப்ரரி இருக்கு. அதை எழுதினவர் உலகத்தில் எங்கேயோ இருக்கார். பக்கத்தை பிரவுசருக்கு அனுப்புறப்ப, 'இத்தனை பைட் வருது, வாங்கிக்கோ'ன்னு முன்கூட்டியே சொல்றது அந்த லைப்ரரியோட வேலை. பைட் கணக்குக்காகத்தான் அவர் 'ஸ்டர்லென்' போட்டிருந்தார். சரியாத்தான் எழுதியிருந்தார். நீங்க இந்தப் பக்கம் திருகைத் திருப்பினதும் அவரோட 15, சொல்லாம கொள்ளாம 5 ஆயிடுச்சு. பிரவுசர் 5 பைட்டை மட்டும் வாங்கிட்டுக் கடையைச் சாத்திடும். 'த'வுக்கு 3 போச்சு, 'ம'வில் ரெண்டு பைட். திரையில் ஒரு 'த', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி டப்பா.

இங்கிலீஷ் பக்கங்களில் எந்தக் கோளாறும் தெரியாது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட்தானே, ரெண்டு கணக்கும் ஒண்ணாத்தான் வரும். தமிழ்ப் பக்கம் மட்டும் வெட்டுப்படும். லைப்ரரி எழுதினவருக்குக் கடிதம் போட்டா 'எனக்கு நல்லா ஓடுதே'ம்பார். அவர் சொல்றதும் நிஜம்!

2017-ல் 7.2 வெர்ஷனில் இதை 'இனிமே பயன்படுத்தாதீங்க'ன்னு சொல்லி, 2020-ல் 8.0 வந்தப்ப எடுத்தே விட்டாங்க. ஒரு செட்டிங் எஞ்சினோட வேகத்தை மாத்தலாம், எல்லையை மாத்தலாம். ஆனா எழுதி வெச்ச ஒரு வரியோட அர்த்தத்தையே மாத்துற செட்டிங்கை நான் எந்த மொழியிலும் நம்ப மாட்டேன். புரோகிராமைப் படிச்சுப் பார்த்தா ஒண்ணு, ஓட்டிப் பார்த்தா வேறொண்ணு. அப்புறம் புரோகிராமைப் படிச்சு என்ன பிரயோஜனம்?

ஒளிச்சு வெச்சா மட்டும்?

ஆபத்தான திருகு, சரி, எடுத்து ஒளிச்சு வெச்சுடுவோம்னு பைத்தான் ஒரு முறை முயற்சி பண்ணுச்சு. பைத்தான் 2-ல் தமிழோடு மல்லுக்கட்டின அண்ணன், அக்கா யாரையாவது கேளுங்க, 'செட் டிஃபால்ட் என்கோடிங்'னு சொன்னாலே சிரிப்பாங்க. தமிழ் எழுத்தைப் பார்த்ததும் 'ஆஸ்கி'யில் இது இல்லைன்னு சண்டை பிடிக்கிற எஞ்சினை, யு.டி.எஃப்.-8-க்கு மாத்துற ஃபங்ஷன் அது. எஞ்சின் கிளம்புறப்ப மட்டும் அது கிடைக்கும். உங்க புரோகிராம் ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்தப் பெயரையே அழிச்சிடுவாங்க. கைக்கு எட்டாது.

நம்மாளுங்க விட்டாங்களா? அந்த மாட்யூலையே 'ரீலோடு' பண்ணினா அழிச்ச ஃபங்ஷன் திரும்ப எழுந்து வரும்னு எவரோ கண்டுபிடிச்சார். அம்புட்டுதான்! ரெண்டு வரி மந்திரமா ஊரெல்லாம் பரவி, இந்திய மொழி, சீன மொழி எதில் புரோகிராம் எழுதினாலும் மேலே அந்த ரெண்டு வரி இருக்கும்னு ஆச்சு. எர்ரர் மறைஞ்சுடும். சந்தோஷம். ஆனா அடியில் வேற கூத்து. ஒரே தமிழ்ச் சொல்லை யுனிகோடா ஒரு தடவை, பைட்டா ஒரு தடவை வெச்சுக்கிட்டு, ரெண்டும் சமமான்னு கேட்டா 'ஆமா'ம்பார். லிஸ்டில் தேடினா கிடைக்கும். டிக்‌ஷனரியில் தேடினா 'அப்படி யாரும் இங்க இல்லை'ம்பார்! டிக்‌ஷனரி தேடுறது ஹேஷ் எண்ணை வெச்சு. ரெண்டுக்கும் அந்த எண் வேற வேற.

2008-ல் வந்த பைத்தான் 3-ல் இந்தத் திருகே கிடையாது. யுனிகோடு வேற, பைட் வேறன்னு மொழியிலேயே பிரிச்சுட்டாங்க. அதுதான் சரியான வைத்தியம். மக்கள் பூட்டை உடைச்சுப் போய் ஒரு ஸ்விட்ச்சைத் தட்டுறாங்கன்னா அவங்களுக்கு நிஜமாவே ஏதோ ஒண்ணு தேவைப்படுதுன்னு அர்த்தம். பூட்டைப் பெருசாக்கினா அந்தத் தேவை போயிடாது.

4300

பாடம் கத்துக்கிட்ட பைத்தான் 2022 செப்டம்பரில் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. இது லேப்பில் எல்லாரும் செய்து பார்க்கக்கூடியது. 1000 ஃபேக்டோரியல் போட்டுப் பிரின்ட் பண்ணுங்க. 2568 இலக்கம், வந்துடும். 2000 ஃபேக்டோரியல்? 5736 இலக்கம். பழைய பைத்தான் மறுபேச்சில்லாம அடிச்சுக் கொடுக்கும். புதுசு எர்ரர் காட்டும்.

காரணம் இருக்கு. பெரிய எண்ணை நம்ம தசம இலக்கங்களா மாத்துறதும், இலக்கங்களைத் திரும்ப எண்ணா மாத்துறதும் மெதுவான வேலை. நீளம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கு. யாராவது ஒரு விஷமி லட்சக்கணக்கான இலக்கம் உள்ள எண்ணை வெப்சைட்டுக்கு அனுப்பினா, சர்வர் அதைப் படிச்சுக்கிட்டே கிடக்கும், மத்தவங்க எல்லாம் வரிசையில் காத்துக் கிடக்கணும். அதனால 4300 இலக்கம்னு ஒரு வரம்பு. கணக்குப் போட வரம்பில்லை, தசமமா மாத்துறதுக்கு மட்டும்தான். பதினாறின் அடியில் பிரின்ட் பண்ணினா 2000 ஃபேக்டோரியல் ஜம்முனு வரும்.

இதில் எனக்குப் பிடிச்சது அந்த எர்ரர் மெசேஜ். என்ன வரம்பு, எவ்வளவு, எந்த ஃபங்ஷனைப் போட்டால் கூட்டலாம்... மூணையும் அந்த ஒரு வரியிலேயே சொல்லிடும். கடைமடையில் நிக்கிறவருக்கு வேற என்ன வேணும்? மாத்துறதுக்கும் மூணு வழி. சர்வர் பார்த்துக்கிறவருக்கு என்விரான்மென்ட் வேரியபிள். புரோகிராமை ஓட்டுறவருக்கு கமாண்ட் லைனில் ஒரு ஆப்ஷன். எழுதுறவருக்கு உள்ளேயே ஒரு ஃபங்ஷன். 0-னு கொடுத்தா வரம்பே இல்லை. ஆனா 640-க்குக் கீழே ஒரு வரம்பைக் கொடுத்தா மறுத்துடும். அதுக்குக் கீழே போனா சாதாரண வேலையே நின்னுடும்னு எஞ்சினுக்குத் தெரியும்.

குறை இல்லாம இல்லை. பாதுகாப்புக்காகப் பழைய வெர்ஷன்களிலும் இதைத் திடீர்னு போட்டதால, நேத்து வரைக்கும் ஓடின கணிதப் புரோகிராம்கள் சில நின்னு போச்சு. அதில் கோபப்பட்டவங்க பக்கமும் நியாயம் இருக்கு. இன்னொண்ணு, உள்ளே யாரோ எழுதின லைப்ரரி ஒன்று இந்த வரம்பை மாத்தினா உங்க புரோகிராம் முழுசுக்கும் மாறிடும்.

இதை விட அழகான முறை பைத்தானிலேயே இருக்கு. துல்லியமான தசமக் கணக்குக்கு 'டெசிமல்'னு ஒரு மாட்யூல். சாதாரணமா 28 இலக்கத் துல்லியம். ஒரு இடத்தில் மட்டும் 50 வேணும்னா 'லோக்கல் கான்டெக்ஸ்ட்'னு ஒரு பிளாக் திறந்து அதுக்குள்ள 50-னு வெச்சுக்கலாம். பிளாக் முடிஞ்சதும் பழைய 28 தானா திரும்ப வந்துடும். நடுவில் எர்ரர் வந்து பாதியில் தெறிச்சு வெளியே வந்தாலும் சரி, திரும்பிடும். முறைத் தண்ணி மாதிரி. உன் முறை முடிஞ்சா வாமடை அடைபட்டுடும், பக்கத்து வயல்காரர் வந்து சத்தம் போட வேண்டியதில்லை.

எத்தனை திருகு வைக்கலாம்ங்கிறதில் ரெண்டு கட்சி உண்டு. ஜாவா எஞ்சினில் நூற்றுக்கணக்கில் இருக்கு. 'கோ' மொழி, குப்பை சேகரிப்புக்கு ஒரே ஒரு எண்தான் கொடுத்துச்சு, 2022-ல் ரெண்டாவதா நினைவக வரம்பு ஒண்ணு சேர்த்தாங்க. என் ஓட்டு 'கோ'வுக்குத்தான். ஆனா ஜாவாவிலிருந்து ஒண்ணே ஒண்ணைச் சுட்டுக்கலாம்: எல்லாத் திருகையும் பட்டியல் போடச் சொன்னா, ஒவ்வொன்றுக்கும் எதிரில் இந்த மதிப்பை வெச்சது யாருன்னு எழுதியிருக்கும். கூடவே வந்ததா, கமாண்ட் லைனில் நீங்க கொடுத்ததா, மெஷினைப் பார்த்து எஞ்சினே முடிவு பண்ணினதா. இந்தத் தலைப்பில் நான் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில்!

தம்பியோட ப்ராஜெக்டுக்கு வருவோம்

ரிகர்ஷன் ஆழத்தில் ஒரு பொறி இருக்கு. பைத்தானில் வரம்பு 1000. தம்பியோட மொழி பைத்தான் மேல உட்கார்ந்திருக்கு. (முத்தையா அண்ணாமலை உருவாக்கின 'எழில்' மொழியும் பைத்தானில் எழுதினதுதான். 2009-லேயே அதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுறதுக்கு முன்னாடி அதைத் தேடிப் படிச்சிடு.) தமிழில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டா, அதை நடத்தி வைக்க அடியில் பைத்தான் ஃபங்ஷன் பலது ஓடும். அஞ்சு ஓடுதுன்னு வெச்சுக்குவோம். 1000-ஐ அஞ்சால வகு. இருநூறாவது அழைப்பிலேயே நின்னுடும். உன் மொழியில் எழுதுற ஸ்கூல் பிள்ளை '1000-னுதானே அமைச்சேன், ஏன் 200-ல் நிக்குது?'ன்னு முழிக்கும். ஆகவே 'ஆழம்'னா பிள்ளை எழுதின ஃபங்ஷன் எத்தனைங்கிற கணக்கா இருக்கணும். உன் எஞ்சின் அந்த எண்ணைத் தனியா எண்ணட்டும். பைத்தானோட கணக்கு வெளியே எட்டியே பார்க்கக் கூடாது. வரம்பு முடிஞ்சா தமிழில் ஒரு வரி: எந்த அமைவு, எவ்வளவு, யார் வெச்சது, எப்படிக் கூட்டுறது.

மதிப்பை வாங்குறப்ப கறாரா இரு. பி.ஹெச்.பி.யில் நினைவக வரம்புக்கு '128 எம்'னு எழுதணும். பழக்கதோஷத்தில் '128 எம்பி'ன்னு எழுதிட்டா, கடைசி எழுத்து 'பி'யைப் பார்த்துட்டு இது நமக்குத் தெரியாதேன்னு விட்டுட்டு, வெறும் 128 பைட்னு எடுத்துக்கும். 2022-ல் 8.2 வெர்ஷன் வர்ற வரைக்கும் ஒரு எச்சரிக்கை கூடக் கிடையாது. புரியாத மதிப்பு வந்தா நிறுத்திக் கேளு. தெரியாத பெயர் வந்தாலும் அப்படித்தான். 'ஆழம்'ங்கிறதை 'ஆலம்'னு எழுதினவரிடம் 'சரி, வெச்சுட்டேன்'னு சொல்லிடாதே. தமிழில் ல, ழ, ள மூணும் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ!

'அமை'னு பேர் வெச்சது எனக்குப் பிடிச்சிருக்கு. அதோடு சேர்த்து மதிப்பைக் கேட்க ஒண்ணு, எல்லாத்தையும் பட்டியல் போட ஒண்ணு, ஒரு பிளாக்குக்கு மட்டும் மாத்த ஒண்ணு. ஆக நாலு. ஒவ்வொரு அமைவுக்கும் எதிரே உன் நோட்டில் எழுது: கிளம்புறப்ப மட்டுமா, ஓடுறப்பவும் மாத்தலாமா, மாத்தினா யாரைத் தொடும்? இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரலைன்னா அந்தத் திருகு இப்போதைக்கு வேண்டாம். பின்னாடி சேர்த்துக்கலாம். வெச்சதை எடுக்கிறதுக்குத்தான் பத்து வருஷம் ஆகும்னு மேலேயே பார்த்தோமே.

கடைசியா அந்தத் தமிழ் எண் சமாச்சாரம். '௧௨'னு காட்ட ஒரு அமைவு வைக்கலாமான்னு கேட்டிருந்தாய். ஆசை நல்ல ஆசை. ஆனா அமைவா வைக்காதே. ஒரு பிள்ளை அதை ஆன் பண்ணி வெச்சுட்டு மார்க் லிஸ்ட்டை ஃபைலில் எழுதும். அந்த ஃபைலை ஸ்ப்ரெட்ஷீட்டில் திறக்கிறவர், கூட்டுத்தொகை ஏன் வரலைன்னு தலையைச் சொறிவார். 'ஃபங்க் ஓவர்லோடு' கதையேதான் இது. 'பதிப்பி'ன்னா எப்பவும் ஒரே மாதிரி பதிப்பிக்கட்டும். தமிழ் எண் வேணுங்கிறவருக்கு 'தமிழெண்'னு தனியா ஒரு ஃபங்ஷன் கொடு. எழுதின வரியைப் படிச்சாலே என்ன வரும்னு தெரிஞ்சுடும்.

படிக்கிற பக்கம் உனக்கு வேலை மிச்சம். பைத்தானோட 'இன்ட்' ஃபங்ஷனிடம் '௧௨'னு கொடுத்துப் பாரு, எந்த அமைவும் இல்லாமலே 12-னு எடுத்துக்கும். '௰'னு கொடுத்தா மட்டும் எர்ரர் அடிக்கும். பத்துக்கான அந்தத் தனிக் குறி, இலக்கம்ங்கிற கணக்கில் யுனிகோடில் சேராது. அதுக்கும் நூறு, ஆயிரத்துக்கான குறிகளுக்கும் நீதான் தனியா எழுதணும்.